தறி ஓய்ந்த நாளில் கேட்ட குரல்

இப்போது யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுப் பெண் செல்போனிலேயே ஒரு முழுக் கதையைப் படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். உதடுகூட அசைவதில்லை. நம் வயதுக்காரர்களுக்கு இது கொஞ்சம் திருட்டுத்தனமாகத்தான் படும். நம் காலத்தில் வீட்டில் ஒருவர் படித்தால் நாலு பேர் கேட்பார்கள். என் அம்மா படித்ததை ஒரு தெருவே கேட்டது. கேட்டுப் பயந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் எல்லாமே நெசவு வீடுகள். முன்கட்டில் அப்பாவின் குழித்தறி. தரையில் வெட்டிய குழியில் காலை விட்டு உட்கார்ந்து நாளெல்லாம் நெய்வார். நடுவில் சமையல்கட்டு. கடைசியில் ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கொட்டகை. அதில் அம்மா ராட்டையைச் சுற்றிக்கொண்டிருப்பாள். தறியில் குறுக்கிழையோடு இங்குமங்கும் ஓடுகிற அப்பாவின் நாடாவுக்குள் போகிற சின்னக் குழல்களில் பட்டு இழையைச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. தெரு முழுக்கத் தறிச் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டதால் அது சத்தம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு அம்மா கதை படித்தாள்.

ஒளிந்துகொண்டு என்றால் அத்தைக்கு ஒளிந்துகொண்டு. அப்பாவின் அக்கா, புருஷனை இழந்து எங்களோடு இருந்தவள். அம்மா ஒருமுறை கதையில் லயித்து ஒரு கண்டிப் பட்டு நூலைச் சிக்காக்கிவிட்டாள் என்று, இரவல் வாங்கிய புத்தகத்தை அத்தை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். புத்தகத்துக்குச் சொந்தக்காரி நூல் கொடுக்கும் முதலாளியின் மனைவி. ஆடு தின்றுவிட்டது என்று அம்மா அவரிடம் போய்ப் பொய் சொன்னாள். புண்ணியவதி, அதற்குப் பிறகும் கொடுத்தார். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, நூலால் தைத்துக் காக்கித்தாள் அட்டை போட்டு வைத்திருப்பார். அதை அம்மா மடியில் சொருகிக்கொண்டு வருவாள்.

ஒரு கை ராட்டையைச் சுற்றும், இன்னொரு கை இழையைப் பிடிக்கும். பக்கம் திருப்பக் கை ஏது? அதற்குத்தான் நான். பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை, ஓர் எழுத்து தெரியாது. அம்மாவின் முழங்காலருகே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் தலையாட்டும்போது பக்கம் திருப்புவேன். புதிதாகச் சாயம் தோய்த்த அரக்குப் பட்டு நூலைத் தொட்ட என் விரல் எப்போதும் சிவந்திருக்கும். முதலாளி வீட்டம்மா புத்தகத்தின் கீழ்மூலையெல்லாம் என் விரல் பதிந்திருக்கும். அதற்கும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருஷம் அம்மா படித்த கதை ஒரு மலையூர் பங்களாவைப் பற்றியது. உயில் படிக்க வக்கீல் ஒருவர் வருவார். எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடிக்கிற ஒரு கிழட்டுச் சமையல்காரி உண்டு. மாடியில் யாரோ இருமுவார்கள், யார் என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். அம்மா வக்கீலுக்குத் தொண்டையைக் கட்டிக்கொண்டு ஆண்குரலில் பேசுவாள். சமையல்காரிக்கு மூக்கால் பேசுவாள். இருமல் வந்தால் நிஜமாகவே இருமுவாள். ஐந்தாவதோடு நின்றுபோன அம்மாவுக்குள் இத்தனை பேர் எப்படிக் குடியிருந்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அந்த பங்களாவில் ஒரு சின்னப் பெண்ணும் இருந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்தவள் அவள்தான். கதையில் எப்போது யார் கதவைத் திறந்தாலும், உள்ளேயிருந்து அவள் கேட்பாள்:

"யாரு வந்துகீறாங்க?"

அவ்வளவுதான். யாரும் அவளுக்குப் பதில் சொல்ல மாட்டார்கள். கதை மேலே போய்விடும். மாடிப்படிக்கு அடியில் இருட்டில் அவள் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் அம்மா புத்தகத்தைப் பார்க்க மாட்டாள். ராட்டையும் ஒரு கணம் நிற்கும். வக்கீலும் சமையல்காரியும் புத்தகத் தமிழில் அழகாகப் பேசும்போது, அந்தப் பெண் மட்டும் எங்கள் தெருப் பேச்சுப் பேசினாள் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. கதவு எப்போது திறக்கும், அவள் எப்போது கேட்பாள் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

அமாவாசையன்று நெசவுக்கு விடுமுறை. எந்த வீட்டிலும் தறியில் உட்கார மாட்டார்கள். அந்த நிசப்தம் எனக்குப் பிடிக்காது. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அப்பா குளத்துக்குப் போய் முழுகிவிட்டுத் தர்ப்பணம், கோவில் என்று பொழுது சாய்ந்துதான் வருவார். அத்தையும் கோவிலுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு அம்மாவுக்கு ராட்டை இல்லை, இரண்டு கையும் சும்மா இருக்கும். புத்தகத்தைத் தானே பிடித்துக்கொண்டு, மற்ற நாளில் அடக்கிப் படித்ததையெல்லாம் சேர்த்து வைத்துப் படிப்பாள்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம் ஒன்று புதிதாகக் குடிவந்திருந்தது. எங்கள் கொட்டகைக்கும் அவர்கள் கொட்டகைக்கும் ஒரே சுவர். அந்த வீட்டு அக்காவுக்கு அப்போது குழந்தை இல்லை. என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தலைவாரிப் பூ வைப்பாள். ஓர் அமாவாசையன்று உச்சிவேளையில் அப்படித்தான் அவள் கொட்டகையில், அவள் காலுக்கிடையில் உட்கார்ந்திருந்தேன். தெருவே பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் பேசியது. ஒரு கிழவி மூக்கால் பதில் சொன்னாள். அக்காவின் சீப்பு நின்றது. எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் இல்லை, கிழவியும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் அந்தச் சின்னக் குரல்.

"யாரு வந்துகீறாங்க?"

அக்கா என் மோவாயைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தாள்.

"நீ இங்க இருக்கற. அங்க யாருமா அது?"

அது கதை என்று எனக்குத் தெரியும். தினமும் பக்கம் திருப்புகிறவள் நான். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் மடியருகே உட்கார்ந்து கேட்டபோது அது அம்மாவின் குரல். சுவரைத் தாண்டி வந்தபோது அது அம்மாவின் குரலாக இல்லை. என்னைவிடக் கொஞ்சம் சின்னவள் யாரோ எங்கள் வீட்டில், என் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தப் புல்லரிப்பு இதை எழுதும்போதும் வருகிறது.

அக்கா அத்தையிடம் சொன்னாள். அடுத்த அமாவாசையில் அத்தை கோவிலுக்குப் போகிற மாதிரி புறப்பட்டு, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து சுவரில் காதை வைத்தாள். திரும்பி வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. அம்மாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னை இழுத்து அணைத்து, முந்தானையால் என் தலையை மூடிக்கொண்டாள். அதற்கு முன்னால் அத்தை என்னை அணைத்ததாக நினைவில்லை.

தெருவுக்கு விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அமாவாசைக்கு அமாவாசை இந்த வீட்டில் குரல் கேட்கிறதாம், மற்ற நாளில் சத்தமே இல்லையாம். பேய்க்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மற்ற நாளிலும் அம்மா பேசிக்கொண்டுதான் இருந்தாள். இவர்கள் எல்லோரும் தறியில் இருந்தார்கள், அதனால் கேட்கவில்லை. ஊரே நெசவு ஊர், இதை நினைத்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை. நான் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மா கதை படிக்கிறது, புத்தகத்தில் அந்தப் பெண் இருக்கிறாள் என்றேன். புத்தகத்தைக் காட்டு என்றாள். அது முதலாளி வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது. குழந்தையையும் பேச வைக்கிறது பார் என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள்.

அம்மாவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தோடு படிப்பு போயிற்று, அடுப்பு இருக்கவே இருக்கிறது. அதற்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

அத்தையும் அப்பாவும் சமையல்கட்டில் பேசியதில் ஒன்று மட்டும் என் காதில் விழுந்தது. "பெரியது வந்துக்கினு இருக்குதுடா. சின்னதையும் கூட்டிக்கினு பூடும்" என்றாள் அத்தை. எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, நான் வயிற்றில் இருக்கும்போது அம்மை போட்டுப் போய்விட்டாள் என்று அரசல்புரசலாகத் தெரியும். வீட்டில் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். படம் ஒன்றும் கிடையாது. பெரியது என்று அத்தை சொன்னதை, ஏதோ பெரிய பேய் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் பேய் ஓட்டுகிற ஓர் உடுக்கைக்காரர் இருந்தார். அடுத்த அமாவாசையில் அம்மாவை அங்கே கூட்டிப்போனார்கள். என்னைத் தனியாக விட அத்தை சம்மதிக்கவில்லை, நானும் போனேன். நட்டநடுப் பகல். ஆற்றில் தண்ணீர் இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் மணல் தகதகத்தது. உடுக்கைக்காரர் சடையும் சாம்பலுமாக இருப்பார் என்று நினைத்தால், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஊசி மருந்தை எடுக்கிற மாதிரி எலுமிச்சம்பழத்தையும் மஞ்சள் தண்ணீரையும் எடுத்து வைத்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது.

அம்மாவின் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். உடுக்கை அடித்தது. நீ யார், நீ யார் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா தள்ளி நின்றார், கிட்டே வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா மயங்கி விழப்போகிறாள் என்று நினைத்தபோது அவள் தலையை நிமிர்த்தினாள்.

"யாரு வந்துகீறாங்க?"

மணல்வெளியில், சுவர் கிவர் ஒன்றும் இல்லாத இடத்தில், எனக்கு எதிரிலேயே அந்தக் குரல் கேட்டது. அத்தை என் கண்ணைப் பொத்தினாள். விரலிடுக்கில் பார்த்தேன். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்குப் பேய் என்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

உடுக்கைக்காரர் மட்டும் அசரவில்லை. "நாங்கதான் வந்துகீறோம்" என்றார். "உனக்கு இன்னா வேணும், சொல்லு."

"கத வேணும்."

வாராவாரம் கதைப் பத்திரிகை வாங்கி வைக்கிறோம், வாங்கிக்கொண்டு போய்விடு, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவர் பேரம் பேசினார். உடுக்கை ஓய்ந்தது. அப்புறம் அந்தக் குரல் சின்னதாகச் சொன்னது:

"அப்பா சொன்னா போறேன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து, கொஞ்சம் எட்டியே நின்று சொன்னார்.

"போய்ட்டு வாம்மா."

உடுக்கைக்காரர் தலையை ஆட்டினார். "வான்னு சொல்லக் கூடாதுபா. பழக்கத்துல வாயில வந்துடுது, தெரியும். போன்னு மட்டும் சொல்லு."

சாவு வீட்டைத் தவிர எந்த வாசலிலும் யாரையும் பார்த்து நாம் போ என்று சொல்வதில்லை. கடைக்குப் போகிறவனுக்கும் போய்ட்டு வாதான். அப்பா மறுபடி வாயைத் திறந்தார். மறுபடியும் போய்ட்டு என்றுதான் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அத்தை என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னதை நினைத்துக்கொள்ளடா என்றாள். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"போ கண்ணு" என்றார்.

அம்மாவின் தலை தொங்கியது. அவள் உச்சிமுடியில் கொஞ்சம் அறுத்துக் கரையில் இருந்த புங்க மரத்தில் ஆணி வைத்து அடித்தார்கள். திரும்பி வரும்போது அம்மா தலைமயிரிலிருந்து மணலை உதறிக்கொண்டே, பசிக்கிறதா என்று என்னைக் கேட்டாள். அவளுடைய சொந்தக் குரல்தான்.

உடுக்கைக்காரர் சொன்ன வாக்கை அப்பா காப்பாற்றினார். அன்றிலிருந்து வாராவாரம் பத்திரிகை வாங்கி வந்தார். அம்மா கையில் கொடுக்க மாட்டார், விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுப் போவார். பேய்க்குக் கொடுத்த வாக்கு என்பதால் அத்தையும் தடுக்கவில்லை. அம்மா ஒளியாமல் படித்தாள். நாளடைவில் அத்தையே வந்து உட்கார்ந்து, போன வாரம் எங்கே விட்டது என்று கேட்கத் தொடங்கினாள். ஆனால் அம்மா யாருக்கும் குரல் மாற்றவில்லை. புதுத் தொடர்கதையில் ஆணும் கிழவியும் ஒரே மாதிரி பேசினார்கள், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி. கதவுகள் திறந்தன, மூடின. உள்ளேயிருந்து யாரும் கேட்கவில்லை. அந்த பங்களாப் பொண்ணு எங்கேம்மா என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ போய்ட்டா" என்றாள் அம்மா. பக்கம் திருப்பச் சொல்லித் தலையாட்டினாள்.

அப்பாவும் மாறினார். அமாவாசையன்று குளத்தில் முழுகிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா படிக்கும்போது, ஓய்ந்து கிடந்த தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பேய் திரும்பி வராமல் காவல் இருக்கிறார் என்று தெருவில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வருஷங்கள் ஓடின. அத்தை போனாள், அம்மாவும் போனாள். முதலாளி வீட்டைப் பிரித்துக் கட்டும்போது அவர்கள் மருமகள் கூப்பிட்டு, மூட்டையாகக் கிடந்த பழைய பைண்டிங்குகளில் வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதில் மலையூர் பங்களா இருந்தது. அதே புத்தகம்தான், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் கீழ்மூலையிலும் அரக்கு நிறத்தில் என் விரல் இருந்தது. உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். வக்கீல் இருந்தார், சமையல்காரி இருந்தாள், இருமல் இருந்தது. அந்தப் பெண் இல்லை. மறுபடி முதலிலிருந்து, கதவு திறக்கும் இடமெல்லாம் விரல் வைத்துத் தேடினேன். அந்த பங்களாவில் குழந்தையே கிடையாது.

அப்பாவுக்கு அப்போது கண் மங்கிவிட்டது. அவருக்கு எழுத்தும் தெரியாது. அவர் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தப் பொண்ணு கதையிலேயே இல்லப்பா என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எப்படிம்மா இருக்கும்? அவ நம்மூட்டுப் பொண்ணாச்சே."

பிறகு அவராகவே சொன்னார். அம்மை வார்த்திருந்தபோது அவளை உள்கட்டில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்ததைப் பார்த்து எல்லோரும் விலகிப் போனார்கள். கண் திறக்க முடியாமல் கிடந்தவள், கதவுச் சத்தம் கேட்டால் மட்டும் யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பாளாம். தண்ணீர் எடுக்கப் போய்வந்த அம்மாவைத் தவிர யாரும் வரவில்லை.

"போன்னு சொல்லிட்டேன் பாரு" என்றார் அப்பா. "அதுக்கப்புறம் எத்தினி அமாவாச உக்காந்துக்கினு இருந்தேன். ஒருவாட்டிகூட வரல."

அம்மா நடித்தாளா, நிஜமாகவே யாராவது வந்தார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அம்மா எனக்காகப் படித்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கும் சேர்த்துப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான். அத்தையைக் கொடுமைக்காரி என்று பாதி ஆயுள் திட்டியிருக்கிறேன். அவள் அன்றைக்கு அந்தச் சின்னப் பெண்ணை விரட்டியது என்னைக் காப்பாற்ற. யாரை நொந்துகொள்வது?

இப்போது ஏனாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். இங்கே தறி கிடையாது, எல்லா நாளும் அமாவாசைதான். போன வாரம் உச்சிவேளையில், அப்பாவும் போய்ச் சேர்ந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகு, அந்தப் புத்தகத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். தொண்டையைக் கட்டிக்கொண்டு வக்கீலானேன், மூக்கால் கிழவியானேன். வக்கீல் கதவைத் திறந்தார். அடுத்த வரியில் அவர் குடையை மடிக்க வேண்டும். என் கண் அந்த வரிக்குப் போகவில்லை.

"யாரு வந்துகீறாங்க?"

என் வாயிலிருந்துதான் வந்தது. என் குரல்தான் என்று சொல்ல ஆசை. இந்தக் கட்டைக் குரலில் அவ்வளவு இளசு எங்கே இருக்கிறது? முதுகில் சில்லென்று ஏறியது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"நான்தான்கா. உன் தங்கச்சி" என்றேன்.

பிறகு அந்த அத்தியாயத்தை முடிவு வரைக்கும் நிறுத்தாமல், நன்றாகக் குரல் கொடுத்துப் படித்தேன். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, வாசல் கதவைப் பார்த்து, அப்பாவால் முடிக்க முடியாமல் போனதைச் சொன்னேன்.

"போய்ட்டு வாக்கா."